கொழுந்துக்குள் நடக்கும் வேலை
உயிருள்ள தாவரக் கலத்தைப் பார்ப்பது பற்றி ஹட்டனில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



1880-ஆம் ஆண்டு ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இலங்கைக்கு வந்தார். அப்போது இந்த மலைகளில் பெரும்பாலும் கோப்பிதான். 1869-இல் மடுல்சீமைப் பக்கம் முதலில் கண்ணில் பட்ட இலைத்துரு நோய், பத்தே ஆண்டில் கோப்பித் தோட்டங்களை ஆட்டம் காண வைத்திருந்தது. நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்க அரசாங்கம் வார்ட்டை நியமித்தது. அவர் செய்த முக்கியமான காரியம், இலையைப் பொறுமையாக நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்ததுதான். பங்கசின் வித்தி காற்றில் வருகிறது. இலையில் ஈரம் கிடைத்ததும் முளைக்கிறது. முளைக்குழாய் இலையின் அடிப்பக்கத்து இலைவாய் வழியாக உள்ளே நுழைகிறது. இவ்வளவையும் அவர் கண்டு எழுதினார். மருந்து கிடைக்கவில்லை. 1882-இல் அவர் திரும்பிப் போனார். பின்னாலேயே கோப்பியும் போயிற்று, தேயிலை வந்தது. பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பிய நம் முன்னோர், வருடம் முழுவதும் தங்கிக் கொழுந்தெடுக்கும் மக்களானது அதன் பிறகுதான்.

வார்ட் பங்கசைப் பார்த்தார். அது நுழைந்த நேரத்தில் இலையின் கலம் என்ன செய்தது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. நிறமற்ற குழியவுருவுக்குள் நிறமற்ற இழைகள் செய்யும் வேலை அவர் காலத்துக் கருவிக்கு எட்டவில்லை. அந்த வேலையைப் பற்றியும், அதை உயிரோடு பார்க்க மனிதர் கற்றுக்கொண்ட விதத்தைப் பற்றியும் இன்று பேசப்போகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. தேயிலையைக் கவ்வாத்து வெட்டிச் சில வாரத்தில் பட்டைக்கடியில் உறங்கிய மொட்டுகள் வெடிக்கின்றன. மொட்டின் நுனியில் உள்ள கலங்கள் எல்லாம் ஆரம்பத்தில் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்த சிறு பெட்டிகள். கொழுந்து பறிக்கிற பருவம் வருவதற்குள் தண்டின் கலம் நீண்டுவிடுகிறது. இலையின் மேற்றோற்கலம் பரந்துவிடுகிறது. இலைவாயின் காவற்கலம் வளைந்துவிடுகிறது. மொட்டின் மேல் வெள்ளியாய் மின்னுகிற மயிர் இருக்கிறதே, ‘சில்வர் டிப்ஸ்’ என்று பெரிய விலைக்கு விற்கும் தேயிலைக்குப் பெயர் கொடுத்த மயிர், அதில் ஒவ்வொன்றும் தனியொரு கலம் நீண்டு உண்டானது. எல்லாக் கலத்திலும் இருப்பது ஒரே பரம்பரையலகுத் தொகுதி. எல்லாவற்றுக்கும் ஏறுவது ஒரே வேரின் தண்ணீர். வடிவம் மட்டும் எப்படி இத்தனை விதமாகிறது?

விலங்குக் கலம் ஊர்ந்து போகும், இடம் மாறும். தாவரக் கலத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அது பக்கத்துக் கலத்தோடு சுவரால் ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்கு இருக்கும் ஒரே பலம் உள்ளேயிருக்கும் நீரின் அழுத்தம். அந்த அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகத் தள்ளும். அப்படியானால் கலம் உருண்டையாகத்தானே வீங்க வேண்டும்? வீங்காததற்குக் காரணம் சுவர். ஒரு பலூனைச் சுற்றி நெருக்கமாக நூலைச் சுற்றிவிட்டு ஊதிப் பாருங்கள். பக்கவாட்டில் பருக்க முடியாமல் நீளத்தில் வளரும். கலச்சுவரில் அந்த நூலின் இடத்தில் இருப்பது செலுலோசு இழை. இழை எந்தத் திசையில் சுற்றப்படுகிறதோ அதற்குக் குறுக்கே கலம் நீளும். ஆகவே கேள்வி ஒரு படி உள்ளே போகிறது. இழையை எந்தத் திசையில் போடுவது என்று யார் தீர்மானிப்பது?

இந்தக் கேள்விக்கு முதல் தடயத்தைக் கொடுத்த நஞ்சு நமக்குப் பழக்கமான ஒரு கொடியிலும் இருக்கிறது. கார்த்திகைப்பூ, தமிழ்நாட்டில் செங்காந்தள். அதன் கிழங்கிலும் விதையிலும் கொல்கிசீன் என்ற நஞ்சு உண்டு. தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் அந்த விதைக்காகவே இதைப் பந்தலிட்டு வளர்க்கிறார்கள். வாதநோய் மருந்துக்கு அது ஏற்றுமதியாகிறது. கொல்கிசீன் பட்ட கலத்தில் நிறமூர்த்தங்களைப் பிரித்திழுக்கும் கதிர் உருவாகாது. அதனால் நிறமூர்த்த எண்ணிக்கை இரட்டிக்கும். 1937 முதல் பயிர் விருத்தியாளர்கள் இதைப் பயன்படுத்தி வந்தார்கள். போல் கிரீன் என்ற அமெரிக்கர் இதே நஞ்சை நீரில் வளரும் நைற்றெல்லா என்ற பாசியின் நீண்ட கலத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். கலம் நீளுவதை விட்டுப் பருத்து வீங்கியது. சுவரின் செலுலோசு ஒழுங்கு கெட்டிருந்தது. கதிரை ஆக்கும் புரதத்தைப் போன்ற ஒன்று சுவரையொட்டி இருந்து செலுலோசை வழிநடத்துகிறது என்று 1962-இல் அவர் ஊகித்து எழுதினார். அப்போது அந்தப் பொருளை யாரும் கண்டதில்லை.

அடுத்த ஆண்டே கண்டார்கள். லெட்பெட்டர், போர்ட்டர் என்ற இருவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வேர்நுனிக் கலத்தை ஆராய்ந்தபோது, சுவருக்கு உட்புறமாக மெல்லிய குழாய்கள் வரிசையாகக் கலத்தைச் சுற்றி ஓடுவதைப் பார்த்தார்கள். அவற்றுக்கு நுண்புன்குழாய் என்று பெயரிட்டார்கள். குறுக்களவு 25 நானோமீற்றர். ஒரு மில்லிமீற்றருக்குள் 40,000 குழாய்களை அடுக்கலாம். சுவரின் வெளிப்புறத்தில் செலுலோசு எந்தத் திசையில் கிடந்ததோ அதே திசையில்தான் உள்ளே குழாய்களும் கிடந்தன. இந்தக் குழாய்களோடு, அக்தின் என்ற இன்னும் மெல்லிய இழைகளும் சேர்ந்ததுதான் பாடப்புத்தகத்தில் நீங்கள் படிக்கும் குழியவன்கூடு.

ஆனால் அந்தப் படங்கள் எல்லாம் இறந்த கலத்தின் படங்கள். இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குக் கலத்தை இரசாயனத்தில் பதப்படுத்தி, நீரை நீக்கி, பிசினில் புதைத்து, மெல்லிய சீவலாக வெட்ட வேண்டும். ஒரு கணம் எப்படி இருந்தது என்று அது சொல்லும். அடுத்த கணம் எது எங்கே போனது என்று சொல்லாது. 1966-இல் பிக்கற்-ஹீப்ஸ், நோத்கோற் இருவரும் கோதுமை நாற்றில் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். கலம் பிரிவதற்கு முன் நுண்புன்குழாய்கள் ஒரு பட்டியாகத் திரண்டு கலத்தைச் சுற்றி நிற்கின்றன. பிரிவு தொடங்கும்போது பட்டி காணாமல் போகிறது. கடைசியில் புதிய சுவர் வந்து ஒட்டுவது அந்தப் பட்டி நின்ற இடத்திலேதான். இல்லாமற்போன ஒன்று விட்டுச்சென்ற குறியைச் சுவர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? செத்த சீவல்களை எத்தனை அடுக்கினாலும் இந்தக் கேள்வியை அணுகுவது கடினம். உயிரோடு பார்க்க வேண்டும்.

உயிரோடு பார்க்க முயன்றவர்கள் முன்பும் இருந்தார்கள். 1774-இல் கொர்ற்றி என்ற இத்தாலியர் நீர்ப்பாசியின் கலத்துக்குள் குழியவுரு ஓயாமல் சுற்றுவதைக் கண்டார். அதைச் சுழற்றுவது அக்தின் பாதையும் அதன்மேல் நகரும் மயோசின் புரதமும் என்று தெரிய இரு நூற்றாண்டு ஆனது. 1953-இல் ஷின்யா இனோவே என்ற யப்பானியர் முனைவாக்கிய ஒளியைக் கொண்டு, எந்தச் சாயமும் சேர்க்காமல், லில்லி மலரின் உயிருள்ள கலத்தில் கதிர் இழைகளைக் காட்டினார். கதிர் என்பது பதப்படுத்தும்போது உண்டாகும் பொய்த்தோற்றம் என்று வாதிட்டவர்கள் அதோடு வாயடைத்துப்போனார்கள். 1950-களில் போலந்தின் பாயர் தம்பதியர் ஹீமாந்தஸ் என்ற ஆபிரிக்க மலரின் விதைக்குள்ளிருந்து சுவரற்ற கலங்களை எடுத்து, அவை பிரிவதைச் சினிமாப் படமாகவே பிடித்தார்கள். ஆனாலும் சுவரையொட்டிய தனித்தனிக் குழாய் எவர் கண்ணுக்கும் அகப்படவில்லை.

அதற்கு வழி திறந்தது ஒரு கடல் ஜெலிமீன். 1962-இல் ஷிமோமுரா அதிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதமொன்றைப் பிரித்தெடுத்தார். 1992-இல் பிராஷர் அதன் பரம்பரையலகைப் படியெடுத்தார். 1994-இல் சால்ஃபி அதைப் பிற உயிர்களுக்குள் வைத்து ஒளிரச் செய்தார். சியென் அதற்குப் பல நிறம் கொடுத்தார். ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் 2008-இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஒளிர்புரதத்தை நுண்புன்குழாயில் ஒட்டும் இன்னொரு புரதத்தோடு இணைத்து, 1998-இல் அவரை வகைச் செடியொன்றின் மேற்றோற்கலத்தில் உயிருள்ள குழாய்களைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு அரபிடோப்சிஸ் என்ற சிறு களைச்செடியில், குழாயை ஆக்கும் தியூபுலின் புரதத்திலேயே ஒளிக்குறியை ஒட்டினார்கள்.

அதன் பிறகு வந்த காட்சிகள் நாம் நினைத்திருந்ததைப் புரட்டிப்போட்டன. வரிசையாக நின்ற குழாய்களை நிலையான சாரமென்று எண்ணியிருந்தோம். 2003-இல் ஷோ, எர்ஹார்ட் குழுவினர் கண்டது வேறு. குழாயின் முன்முனையில் தியூபுலின் வந்து சேர்கிறது, பின்முனையில் கழன்று போகிறது. குழாயில் பதிந்திருக்கும் மூலக்கூறு எதுவும் நகராமலேயே குழாய் இடம்பெயர்கிறது. மேலே நின்று இதை ஒழுங்குபடுத்தும் கங்காணி எவருமில்லை. ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்பதை 2004-இல் ராம் தீட்சித் என்ற இந்திய விஞ்ஞானியும் ரிச்சர்ட் சையரும் புகையிலைக் கலத்தில் காட்டினார்கள். வளரும் குழாய் இன்னொன்றோடு 40 பாகைக்குக் குறைந்த கோணத்தில் மோதினால் திரும்பி அதோடு சேர்ந்து ஓடுகிறது. செங்குத்தாக மோதினால் பல தடவை இடிந்து சுருங்குகிறது, அல்லது கடந்து போகிறது. சேர்ந்தவை நிலைக்கும், எதிர்த்தவை குறையும். ஆயிரக்கணக்கான மோதல்களின் முடிவில் ஒரே திசை மிஞ்சுகிறது.

கிரீனின் ஊகம் 2006-இல் கண்ணெதிரே நிரூபணமானது. பரேடெஸ், சொமர்வில், எர்ஹார்ட் மூவரும் செலுலோசை நெய்யும் நொதியத்துக்கு ஒரு நிறமும் நுண்புன்குழாய்க்கு இன்னொரு நிறமும் கொடுத்தார்கள். நொதியம் குழாயின் வழித்தடத்தைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தது. குழாய்களைத் திருப்பினால் நொதியத்தின் பாதையும் திரும்பியது. வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 300-இலிருந்து 350 நானோமீற்றர். ஒரு மில்லிமீற்றர் போக இரண்டு நாள் பிடிக்கும். இந்த வேகத்தில்தான் ஒவ்வொரு கொழுந்தின் சுவரும் போடப்படுகிறது.

2008-இல் ஹமான், ட்ராஸ், மேயரோவிட்ஸ் முதலியோர் தளிர் நுனியைப் பார்த்தார்கள். நுனியில் புதிய இலை புடைத்து வரும்போது தோலில் இழுவிசை உண்டாகிறது. விசை எந்தத் திசையில் அதிகமோ அந்தத் திசையில் குழாய்கள் சாய்கின்றன. அவர்கள் கலமொன்றைக் கொன்றார்கள். சுற்றியிருந்த கலங்களில் குழாய்கள் காயத்தை வளைத்து நின்றன. கலம் தன்மேல் விழும் பாரத்தை உணர்ந்து சுவரை உறுதிப்படுத்துகிறது, அந்தச் சுவர் அடுத்த பாரத்தை மாற்றுகிறது. இலையின் வடிவம் முன்கூட்டி எழுதிவைத்த வரைபடத்தை மட்டும் பார்த்து வருவதில்லை. நிமிடந்தோறும் நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலிலும் உருவாகிறது.

மயிர்க் கலத்துக்கு வருவோம். அரபிடோப்சிஸ் இலையின் மயிரும் ஒரே கலந்தான், மூன்று கிளை விடும். ஜெய்தீப் மாத்தூரும் அவரது சகாக்களும் 1999-இல் அதில் இரண்டு விதமான நஞ்சைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுண்புன்குழாயைக் கலைத்தால் கிளை வரவில்லை. அக்தினைக் கலைத்தால் கிளை வந்தது, ஆனால் கோணிக் குறுகி வளர்ந்தது. எங்கே கிளைப்பது என்பதில் ஒன்றுக்குப் பங்கு, நேராக நீள்வதில் மற்றதற்குப் பங்கு. நம் தேயிலை மொட்டின் மயிர் கிளைவிடாமல் நேராக நீள்கிறது. அதன் கணக்கு என்னவென்று கேட்க இது நல்ல தொடக்கம்.

இவ்வளவையும் கேட்டபின், பார்ப்பது சுலபமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண ஒளியால் ஏறத்தாழ 200 நானோமீற்றருக்கு நெருங்கிய இரண்டு பொருளைப் பிரித்துக் காட்ட முடியாது. 25 நானோமீற்றர்க் குழாய் திரையில் தடித்த கோடாகத் தெரியும்; அது ஒரு குழாயா கட்டா என்று கோடே சொல்லாது. பச்சையவுருமணிகள் தாமாகவே சிவப்பாய் ஒளிர்ந்து இடையில் புகும். லேசர் அதிகமானால் கலம் வாடும், குறைந்தால் படம் புள்ளி புள்ளியாய்ப் போகும்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. ஒளிக்குறி ஒட்டியதால் சில செடிகள் நேராக வளராமல் முறுகி வளர்ந்தன. அக்தினைக் காட்டப் பயன்படுத்திய தாலின் குறி அக்தின் கலைவதையே தடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக 2013-இல் லிண்டெபூம் குழுவினரின் ஆய்வு. நீல ஒளி பட்டதும் நாற்றின் தண்டுக் கலத்தில் குழாய்கள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் கட்டானின் என்ற நொதியம் வெட்டுகிறது. வெட்டிய முனைகள் புதிதாக வளர்கின்றன. நிமிடக் கணக்கில் மொத்த வரிசையும் குறுக்கிலிருந்து நெடுக்காகத் திரும்பிவிடுகிறது. பச்சை ஒளிர்புரதத்தை எழுப்ப நாம் அடிப்பதும் அதே நீல ஒளிதான். செடிக்கு அது விளக்கல்ல, கட்டளை. நாம் பார்த்தோம் என்பதாலேயே கலம் திரும்பியிருக்கலாம்.

ஆகவே இந்தத் துறையில் தேர்ந்தவர் என்பவர் விலையுயர்ந்த கருவி வைத்திருப்பவர் அல்லர். தன் பார்வை கலத்துக்கு என்ன செய்கிறது என்று கணக்கு வைப்பவர். குறி ஒட்டாத செடியையும் பக்கத்தில் வளர்ப்பார். இரண்டு வேறு குறிகளால் ஒரே முடிவு வருகிறதா என்று பார்ப்பார். குறைந்த ஒளியில், நீண்ட இடைவெளியில் படம் எடுப்பார். படம் எடுத்த செடி பிறகும் ஒழுங்காக வளர்ந்ததா என்று காத்திருப்பார். இன்று நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்: உயிரின் வடிவம் ஓயாமல் நடக்கும் வேலை, அதை உயிரோடுதான் பார்க்க வேண்டும், பார்ப்பதும் அந்த வேலையில் ஒரு தலையீடு என்பதை மறந்தால் கண்டது எதையும் நம்ப முடியாது.

இனி நம் மலைக்கு வருவோம். 1946-இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்தது. எக்ஸோபசிடியம் வெக்சன்ஸ் என்ற இந்தப் பங்கசு, கோப்பித் துருவைப்போல் இலைவாயைத் தேடாமல் இளந்தோலையே துளைத்து நுழைகிறது. முற்றிய இலையில் அதன் பாச்சா பலிக்காது. 2003-இல் கன்பெராவில் டக்கெமொட்டோ, ஹாடம் முதலியோர் அரபிடோப்சிஸ் இலையில் வேறொரு நோயுயிரி நுழைவதை ஒளிக்குறியோடு பார்த்தார்கள். அது துளைக்கும் இடத்தை நோக்கி அக்தின் இழைகள் குவிகின்றன. குழியவுரு அங்கே திரள்கிறது. சுவருக்கு வேண்டிய பொருட்கள் அந்தத் திசைக்குப் போகின்றன. வார்ட்டுக்கு எட்டாமற்போன பாதி இதுதான். தேயிலைக் கொழுந்தும் இதைச் செய்கிறதா, முற்றிய இலை பங்கசை நிறுத்துவதில் இதற்குப் பங்குண்டா என்பது இந்த மலைக்குரிய கேள்வி.

இதைத் தேயிலையிலேயே பார்ப்பதுதானே என்று கேட்பீர்கள். தேயிலை சுலபமாக இடங்கொடுக்கிற செடியல்ல. இளங்கொழுந்தின் உலர்நிறையில் நாலில் ஒரு பங்களவு பொலிபீனோல். கலம் உடைந்ததும் நொதியம் அதோடு கலந்து இலை செம்மையாகிறது. தொழிற்சாலையில் உருட்டு இயந்திரம் செய்ய வேண்டிய வேலை அது. நுணுக்குக்காட்டிக்காரருக்கு அதுவே பகை. வெட்டிய விளிம்பிலிருந்து படம் கெடத் தொடங்கும். ஒளிர்புரதத்தின் பரம்பரையலகைச் செடிக்குள் கொண்டுபோகும் பற்றீரியாவையும் அதே பொலிபீனோல் முடக்கும். அரபிடோப்சிஸ் ஆறு வாரத்தில் விதையிலிருந்து விதைக்கு வந்துவிடும், அதன் டீ.என்.ஏ.யின் பெரும்பகுதியை 2000-ஆம் ஆண்டிலேயே வாசித்தாயிற்று. தேயிலையின் பரம்பரையலகுத் தொகுதி அதைப்போல் இருபது மடங்குக்கு மேல் பெரிது. 2017-இல்தான் முதல் வாசிப்பு வந்தது. உலகம் களைச்செடியை எடுத்துக்கொண்டதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் களைச்செடிக்குக் கவ்வாத்து இல்லை. அதை வாரந்தோறும் எவரும் பறிப்பதில்லை.

1925 முதல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நமக்கு உண்டு; இன்று அது தலவாக்கலை செயின்ட் கூம்ப்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. டீ.ஆர்.ஐ. 2025 போன்ற தெரிவு இனங்கள் அங்கிருந்து வந்தன. அவ்வின நாற்றெல்லாம் ஒற்றை இலைத் துண்டை நட்டு வேர்விடச் செய்தவை. அந்தத் துண்டின் அடியில் ஏற்கெனவே தண்டாகிவிட்ட கலம் எப்படித் திரும்பிப் பிரிந்து வேராகிறது? வறட்சியில் மொட்டு உறங்குகிறதே, அப்போது அதன் குழாய்கள் எந்த நிலையில் நிற்கின்றன? பெப்ரவரி உறைபனியில் நுவரெலியாக் கொழுந்து கருகுவதற்குப் பனிக்கட்டியே காரணம். ஆனால் பல தாவரங்களில் 4 பாகை செல்சியஸ் அளவுக் குளிரிலேயே நுண்புன்குழாய்கள் கலைந்து, சூடேறியதும் மறுபடி கட்டப்படுகின்றன. பனி தொடாமல் குளிர் மட்டும் தொட்ட கொழுந்தின் வளர்ச்சி எவ்வளவு பின்தங்குகிறது? இவை கூலிக்கும் நிறைக்கும் நேரே தொடர்புள்ள கேள்விகள். இவற்றைக் கேட்க நம் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர் யார்?

கருவி இல்லையே என்று மாணவர்கள் சொல்வார்கள். லேசர் நுணுக்குக்காட்டி பாடசாலைக்கு வராது, உண்மைதான். ஆனால் தேயிலையிலேயே ஒளிபுகும் கலம் ஒன்று இருக்கிறது. கவ்வாத்துக்கு நாளான மலையில் வெள்ளைப் பூ பூத்துக் கிடக்கும். தோட்டக் கணக்கில் அதற்கு மதிப்பில்லை. அதன் மகரந்தத்தைச் சீனிக் கரைசலில், சிறிதளவு போரிக் அமிலமும் கல்சியமும் சேர்த்து, ஈரம் காயாமல் வையுங்கள். சில மணி நேரத்தில் மகரந்தக்குழாய் நீளும். நானூறு மடங்கு உருப்பெருக்கத்தில் அதற்குள் துணிக்கைகள் ஓரமாக நுனியை நோக்கி ஓடி நடுவே திரும்பி வருவதைக் காணலாம். அந்த ஓட்டத்துக்குப் பாதை போட்டிருப்பது அக்தின். விளக்கைக் குறைத்துப் பாருங்கள், குளிரவைத்துப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் ஓட்டத்தின் வேகத்தை எழுதுங்கள். கைபடாத ஒரு தட்டையும் பக்கத்தில் வையுங்கள்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த தவணையில் குழியவன்கூட்டைக் கரும்பலகையில் வரைவதற்கு முன், ஒரு தேயிலைப் பூவை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாடத்திட்டம் அதற்கு இடம் தராவிட்டால் பாடசாலை விட்ட பின் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் முதலில் ஓட்டத்தைப் பார்க்கட்டும், பெயரைப் பிறகு படிக்கட்டும்.